பூசாத பக்கம்

சான் அந்தோலின்,
ஜூன் 18, 1978

மதிப்புக்குரிய நோரால்பா அவர்களுக்கு,

நலமா என்று நான் கேட்கவில்லை. விடிகாலையில் நீங்கள் சோளம் அரைக்கும் சத்தம் என் தலைமாட்டில்தான் கேட்கிறது, அதிலிருந்தே தெரிந்துகொள்கிறேன். நானும் இருக்கிறேன். ஜீப் ஓடுகிறது, முழங்கால்தான் ஓட மாட்டேன் என்கிறது.

உங்கள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த மனையை 1967-ல் நோட்டரி முன்னால் நாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். அன்றைக்கு வாசற்படியில் நின்று, 'இனி உங்களோடு எனக்குப் பேச்சில்லை, எதுவானாலும் எழுத்தில், அதுவும் தபாலில்' என்று சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த வீட்டுக்கு வர இது பஸ் ஏறி மணிசாலெஸ் நகரத் தபாலாபீசுக்குப் போய், அங்கே ஒரு சாக்கில் படுத்துத் தூங்கி, மறுபடி மலை ஏறி வரவேண்டும். வரட்டும்.

விஷயம் இதுதான். நமக்கு நடுவே நான் எழுப்பிய சுவர் என் பக்கம் பூசி வெள்ளையடித்தது. உங்கள் முற்றத்துப் பக்கம் வெறும் செங்கல். நம் ஊரில் பக்கச் சுவரை யார் வெளியே பூசுகிறார்கள்? அடுத்த மனைக்காரர் என்றைக்காவது ஒட்டி வீடு கட்டுவார், மறைந்துபோகும் என்று விட்டுவிடுகிறோம். நீங்கள் கட்டவில்லை, குருபாப் பழக்கொடி நட்டீர்கள். பதினோரு வருஷ மழையைக் குடித்த செங்கல் இப்போது என் கட்டிலோரம் ஓதமாகக் கசிகிறது.

முதலில் கையகலக் கறை. பிறகு ஒரு ஏரி. படுத்தபடி பார்த்தால் அதற்குக் கரை இருக்கிறது, நடுவில் ஒரு தீவு இருக்கிறது. போன வாரம் மத்தியானத் தூக்கத்தில் அந்த ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தால் தலையணை ஈரம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு மழைக்காலம் இந்த அறையில் படுத்தால் நான் பொறுப்பில்லை என்றார்.

சுவரைக் கட்டிய லிசிமாக்கோ கொத்தனாரே வந்து பூசித் தருகிறேன் என்கிறார். உங்கள் முற்றத்தில் சாரம் கட்டினால்தான் முடியும். செப்டம்பர் மழைக்கு முன்னால் மூன்று வாரம் அனுமதி தரவேண்டும்.

இப்படிக்கு,
ஆர்செசியோ


சான் அந்தோலின்,
ஜூன் 29, 1978

ஆர்செசியோ,

கடுதாசி வந்துச்சு. தபால்காரம்மா கையில குடுத்துட்டு, "பக்கத்து வீட்டுலேருந்து"ன்னு சிரிப்ப அடக்கிக்கிட்டுப் போறா. எதிர் வரிசையில மூணு ஜன்னல் திறந்துச்சு. இப்ப திருப்தியா உங்களுக்கு?

'மதிப்புக்குரிய நோரால்பா அவர்களுக்கு'. அடேயப்பா. ஏழு வருஷம் ஒண்ணா இருந்தப்போ 'ஏய்'ங்கிறதுதான் என் பேரு. செங்கல் நனைஞ்சதும் மரியாதை முளைச்சிருச்சு.

முடியாது.

நல்ல மூஞ்சிய உங்க பக்கம் வெச்சுக்கிட்டு, கலவை வழிஞ்ச மூஞ்சிய என் பக்கம் திருப்பி விட்டீங்க. பதினோரு வருஷம் அந்த மூஞ்சியோடதான் நான் குடித்தனம் பண்ணியிருக்கேன். இப்ப வந்து பவுடர் பூசறேங்கிறீங்களா?

குருபாக் கொடி மேல் வரிசை வரைக்கும் ஏறியிருக்கு, இந்த வருஷம்தான் நல்லாக் காய்ச்சிருக்கு. செங்கல் இடுக்குல பெரணி வளருது. ஒரு குருவி வருஷா வருஷம் அதே பொந்துல குஞ்சு பொரிக்குது. மத்தியான வெயில வாங்கி வெச்சுக்கிட்டு அந்தச் சுவர் பொழுது சாயுற வரைக்கும் கதகதன்னு இருக்கும். முதுக சாய்ச்சு உட்கார்ந்தா தையல் வேலை முடிஞ்ச வலி தெரியாது. இதையெல்லாம் உங்க ஏரிக்காக நான் விடணுமா?

நெஞ்சுக்கு ஒரு வைத்தியம் சொல்றேன். கட்டிலத் தூக்கி எதிர்ச் சுவர் பக்கம் போடுங்க. அது என்ன, பதினோரு வருஷமா அந்தச் சுவரோரமேவா போட்டு வெச்சிருக்கீங்க? வெல்லத்தண்ணியில இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க. உங்களுக்குச் செய்யத் தெரியாது, தெரிஞ்சவங்களக் கேட்டுக்கோங்க.

நோரால்பா


சான் அந்தோலின்,
ஜூலை 11, 1978

நோரால்பா,

சரி, 'அவர்கள்' போயிற்று. பழைய 'ஏய்'யும் வேண்டாம்.

நீ சொன்னபடியே செய்தேன். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். அந்தப் பக்கம் ஓதம் இல்லை, இருமலும் கொஞ்சம் அடங்கியது. மூன்று நாள் படுத்தேன். சோளம் அரைக்கும் சத்தம் கேட்கவில்லை. விடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தேன், முதல் சவாரிக்குப் போகவேண்டிய ஜீப் மூன்று நாளும் தாமதம். சந்தைக்காரர்கள் வண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என் பெயரை நாறடித்துவிட்டார்கள். நாலாம் நாள் கட்டிலை மறுபடி பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன். இப்போது ஏரிக்கு இரண்டாவது தீவு வந்திருக்கிறது.

குருபாக் கொடியை வெட்டாமல் அவிழ்த்துக் கயிற்றில் தொங்கவிடலாம் என்கிறார் லிசிமாக்கோ. குருவி ஆகஸ்டில் கூட்டை விட்டுப் போய்விடும். பூசிய சுவரும் வெயிலை வாங்கும். உன் காரணங்கள் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. அதனால்தான் இவையெல்லாம் காரணம் இல்லையோ என்று தோன்றுகிறது. உன்னோடு ஏழு வருஷம் இருந்தவன் நான். வாய் கொடியைப் பற்றிப் பேசும், மனசு வேறெங்கேயோ நிற்கும்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. நான் கட்டிய சுவரின் உன் பக்கத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கட்டும்போது சாரம் என் பக்கம்தான் இருந்தது. முடிந்த பிறகு உன் வாசலை மிதிக்க எனக்கு உரிமையில்லை. அது எப்படி இருக்கும், சொல்லேன்.

ஆர்செசியோ


சான் அந்தோலின்,
ஜூலை 23, 1978

ஆர்செசியோ,

கட்டின சுவர் எப்படி இருக்கும்னு கட்டினவனே கேட்டு நான் கேள்விப்பட்டதில்ல. சரி, சொல்றேன்.

காலையில மலையிலேருந்து மேகம் இறங்கி முற்றத்துக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும். அப்ப சுவரே கிடையாது. எனக்கு அந்தப் பக்கம் மனை மொத்தமும் அப்பா குடுத்தப்ப இருந்த மாதிரியே திறந்து கிடக்குன்னு தோணும். கையில காப்பியோட நிப்பேன். கொஞ்ச நேரத்துல மேல் வரிசை தெரியும், அப்புறம் கொடி, அப்புறம் நடு. ஒன்பது மணிக்கு ஈரச் செங்கல் கறுத்துப்போய் இருக்கும், நாலு மணிக்குப் பழுத்த பழ நிறம் வந்துரும். மழை நாள்ல எந்தக் கல் எவ்வளவு குடிக்கும்னு எனக்கு அத்துப்படி. இடது ஓரத்துல ஒரு கல்லுல நாய்க் காலடி இருக்கு. சூளையில காயப்போட்டிருந்தப்போ மிதிச்சிட்டு ஓடியிருக்கும். அந்தக் காலடிய ராத்திரி வந்து எடுத்துட்டுப் போற மாதிரி நாய் ஒண்ணு கனவுல வரும், ஏன்னு தெரியாது.

நடுவுல இருக்கிறது உங்களுக்கே தெரியும். ஆள் உயரத்துக்கு மேல செங்கல் வரிசைய வெட்டிக்கிட்டு, வாசல் தலைக்கு மேல வைக்கிற கான்கிரீட் லிண்டல் ஒண்ணு. அதோட ரெண்டு முனையிலேருந்தும் தரை வரைக்கும் நேரா ரெண்டு கோடு. மத்த இடத்துல கல் ஒண்ண ஒண்ணு கவ்விப் பிடிச்சு நிக்குது, அந்தக் கோட்டுல மட்டும் பிடிக்கல. உள்ள சும்மா அடைச்சு வெச்சிருக்கு. நாலு சம்மட்டி அடி போட்டா வாசல் திறந்துக்கும்.

வேலை முடிஞ்சு லிசிமாக்கோ போன அன்னிக்கே பார்த்துட்டேன். சின்சினாவுல ஒருத்தி வீட்டுல படுத்துக்கிட்டு 'ஜீப் ரிப்பேர்'னு தந்தி அடிச்ச மனுஷன். அப்பா குடுத்த மனையப் பிரிக்க வெச்ச மனுஷன். ஆனா சுவர் கட்டறப்போ ஒரு கதவுக்கு இடம் விட்டிருக்கான்னு நெனச்சேன். வாய் திறந்து கேக்கத் தெரியல, கல்லுல எழுதி வெச்சிருக்கான்னு நெனச்சேன்.

மருந்துக்கடை ஹொனோரியோ எழுபத்து மூணுல என்னக் கேட்டார். புருஷன் உயிரோட இருக்கறப்போ இங்க சர்ச் விடாது, வெனிசுவேலா போய் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், பாஸ்போர்ட் செலவெல்லாம் நான் பார்த்துக்கறேன்னார். தங்கமான மனுஷன். முற்றத்துலதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால அந்த ரெண்டு கோடும் தெரிஞ்சுது. முடியாதுன்னுட்டேன். அவர் பெரெய்ராவுக்குப் போய் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டார், ரெண்டு குழந்தைங்க.

பூசினா அந்தக் கோடு ரெண்டும் போயிரும். கொடியும் குருவியும் வெறும் சாக்கு. இதான் காரணம். இத எழுதறதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு.

கதவுக்கு இடம் விட்டது நெசம்னா ஒரு வரி எழுதுங்க, போதும். அப்புறம் தாராளமா பூசிக்கோங்க. உங்க வாயால கேட்டுட்டா எனக்குச் செங்கல் எதுக்கு?

நோரால்பா


சான் அந்தோலின்,
ஆகஸ்ட் 4, 1978

நோரால்பா,

'ஆமாம்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் முடித்தேன், ஒரு பக்கம் முழுக்க. அழகாக வந்திருந்தது. நான் பொய் எழுதினால் எப்போதும் அழகாகத்தான் வரும், அந்தத் தந்தியும் அழகாகத்தான் இருந்தது. உறையில் போட்டு ஒட்டி, ஜீப்பில் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். பிறகு அதைக் கிழித்து ஆற்றுப் பாலத்தில் போட்டுவிட்டேன்.

நான் கதவுக்கு இடம் விடவில்லை.

உன் கடிதத்தைப் படிக்கும்வரை அங்கே லிண்டல் இருப்பதே எனக்குத் தெரியாது. என் பக்கம் கட்டிய வாரத்திலேயே பூசியாயிற்று. கட்டிய நாட்களில் நான் வீட்டில் இருந்ததே குறைவு, இருந்த நேரம் குடித்திருந்தேன். லிசிமாக்கோவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: அவள் முகம் தெரியாத உயரம் வேண்டும். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அவரைப் போய்ப் பிடித்தேன். சந்தை மூலையில் உட்கார்ந்து எம்பனாதா தின்றுகொண்டிருந்தார்.

"என் சுவத்துல லிண்டல் வெச்சது யாரு?" என்றேன்.

"நாந்தான். அதுக்கென்ன இப்போ?"

"யாரக் கேட்டு வெச்சீங்க?"

"யாரடா கேக்கணும்? புருஷன் பொண்டாட்டி சண்டையில சுவர் எழுப்பச் சொன்னா நான் கதவு விட்டுத்தான் எழுப்புவேன். அது என் வழக்கம். இந்த மலையில அப்படி மூணு சுவர் கட்டியிருக்கேன். ரெண்டு, அடுத்த காப்பி அறுவடைக்குள்ள என்னையே கூப்பிட்டு உடைக்கச் சொல்லிட்டாங்க. உன்னுதுதான் ரோஷம் கெட்ட சுவர், இன்னும் நிக்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? நீ அப்ப நிமிர்ந்து நின்னாத்தான சொல்றதுக்கு," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆக, நீ பதினோரு வருஷம் பார்த்தது ஒரு கொத்தனாரின் வழக்கத்தை. ஹொனோரியோவுக்கு நீ சொன்ன 'முடியாது' என் கணக்கில் சேரக்கூடாத ஒன்று. அதை எப்படித் திருப்பித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. மழை வந்தால் வரட்டும். இனி அனுமதி கேட்டு எழுதமாட்டேன்.

ஆர்செசியோ


சான் அந்தோலின்,
ஆகஸ்ட் 15, 1978

ஆர்செசியோ,

படிச்சேன்.

21-ம் தேதி திங்கட்கிழமை லிசிமாக்கோவ வரச் சொல்லுங்க. காலை ஏழுக்கு. பூசட்டும், லிண்டல் மேலயும் சேர்த்து. அவர் மட்டும் வரணும். நீங்க வரக்கூடாது.

குழந்தை பெத்துக்கற வயசு எனக்கு அப்ப இருந்துச்சு. அத மட்டும் சொல்லிடறேன். வேற ஒண்ணும் இல்ல.

நோரால்பா


சான் அந்தோலின்,
செப்டம்பர் 8, 1978

நோரால்பா,

எழுதமாட்டேன் என்று சொன்னவன் எழுதுகிறேன்.

நான் வரவில்லை. உன் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டேன். முதல் நாள் கொடியை அவிழ்க்கும்போது நீ லிசிமாக்கோவைத் திட்டியது கேட்டது. பெரணியைச் சுரண்டும் சத்தம் என் பல்லில் கேட்டது. பிறகு சுவருக்குத் தண்ணீர் காட்டினார். பிறகு கரணையால் கலவையை வீசி வீசி அடித்தார், ஒவ்வொரு அடிக்கும் என் கட்டில் ஒரு நூல் அசைந்தது. மணியாஸ் கட்டை போட்டுத் தேய்த்த நாளில்தான் நிம்மதி, காது பக்கத்தில் யாரோ மணலில் வட்டம் போடுவதுபோல் சுற்றிச் சுற்றி அந்தச் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே மத்தியானமெல்லாம் தூங்கிப்போனேன்.

கடைசி நாள் லிசிமாக்கோ இங்கே வந்து சொன்னார். "பத்து நாளைக்குக் காலையும் சாயங்காலமும் தண்ணி விடணும். விடலேன்னா பூச்சு வெடிச்சுரும். நான் வேற ஊருக்கு வேலைக்குப் போறேன். அந்தம்மாகிட்ட சொன்னேன். அந்தம்மா பாட்டுக்கு ஊசி கோத்துக்கிட்டு இருந்தாங்க."

வெடிக்கும் என்றுதான் நினைத்தேன். வெடித்தால் வெடிக்கட்டும், அதுவும் நியாயம்தான் என்று படுத்துக் கிடந்தேன். மறுநாள் விடிகாலை சோளம் அரைக்கும் சத்தம் நின்றது. பிறகு தண்ணீர்ச் சத்தம். வாளியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாய். மேலிருந்து கீழே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போனாய். நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என் பக்கத்துச் சுவரும் குளிர்ந்தது. மேலே இருந்து நீ ஊற்றுகிற இடத்தை என் கையால் தொடர்ந்துகொண்டே வந்தேன். சாயங்காலமும் அப்படியே. ஒரு நாள்கூடத் தவறவில்லை. பத்து நாள் எண்ணினேன், பதினோராம் நாளும் ஊற்றினாய்.

ஏரி வற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது கரை மட்டும்தான் பாக்கி. மழை தொடங்கிவிட்டது, அறை காய்ந்திருக்கிறது. இருமல் இல்லை.

இதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம். முடியவில்லை. அன்றைக்கு நான் கதவு வைக்கவில்லை, உண்மை. இன்றைக்கு வைக்க ஆசைப்படுகிறேன், இதுவும் உண்மை. லிசிமாக்கோ அடுத்த வாரம் திரும்புகிறார். பூச்சு புதிசு என்று பார்க்கவேண்டாம், லிண்டல் இருக்கும் இடம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். உடைக்கச் சொல்லட்டுமா?

ஆர்செசியோ


சான் அந்தோலின்,
செப்டம்பர் 19, 1978

ஆர்செசியோ,

உங்க நெஞ்சுக்காக ஒண்ணும் நான் தண்ணி ஊத்தல, என் முற்றத்துல வெடிச்ச சுவர் எதுக்குன்னுதான் ஊத்தினேன்னு எழுத உட்கார்ந்தேன். நீங்க ஒரு பொய்யக் கிழிச்சு ஆத்துல போட்டிருக்கீங்க, நானும் இதக் கிழிச்சுட்டேன். உங்க நெஞ்சுக்காகத்தான் ஊத்தினேன்.

ஒண்ணு உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் தண்ணி ஊத்தினதும் பூச்சுக்குள்ளேருந்து அந்தக் கதவு வந்துச்சு. லிண்டல், ரெண்டு கோடு, எல்லாம் ஈரமா, கறுப்பா, நிலை வெச்ச மாதிரி நின்னுச்சு. மத்த இடமெல்லாம் காஞ்ச பிறகும் அது மட்டும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போச்சு. மேகம் இறங்கின காலையில, வாளியோட அதுக்கு முன்னால நிப்பேன். திறந்துட்டா நேரா உள்ள போயிரலாம்னு இருக்கும். கை வெச்சா ஈரச் சிமெண்டு. நாள் போகப் போக மங்கிக்கிட்டே வந்துச்சு. பத்தாம் நாள் ஊத்தினேன், வரல. அதான் பதினோராம் நாளும் ஊத்தினேன். அப்பவும் வரல. வாளியக் கவுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்து அழுதேன். ஹொனோரியோவுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனான்னு தெரியாது. அழுது முடிச்சப்போ பசிச்சுது. அரேபா சுட்டு ரெண்டு தின்னேன்.

சுவர் நல்லா வந்திருக்கு. அத ஒத்துக்கணும். வெள்ளைய அடிக்கலாம்னு இருக்கேன், என் பக்கம் என் இஷ்டம்.

உடைக்க வேண்டாம்.

அந்தக் கதவ வெச்சது லிசிமாக்கோ. அதப் பார்த்துக்கிட்டு இருந்தது நான். உங்களுக்கு அதுல ஒரு பங்கும் கிடையாது, அதத் திறந்துக்கிட்டு என் முற்றத்துல வந்து நிக்க உங்கள நான் விடமாட்டேன். யாருக்கும் தெரியாம கொல்லைப்பக்கமா நுழையறது உங்களுக்குப் பழகின வழி. சின்சினாவுலயும் அப்படித்தான் நுழைஞ்சிருப்பீங்க.

உங்க வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவுல தெருவுல பதினாலு அடி. நேத்து அளந்தேன், எதிர் ஜன்னல்காரி பார்த்தா, பார்க்கட்டும். அந்தப் பதினாலு அடிய நீங்க ஒரு நாளும் நடந்ததில்ல. நான் பேசமாட்டேன்னுதான் சொன்னேன், நடக்காதீங்கன்னு சொல்லல.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பத்து மணிப் பூசை முடிஞ்சு சனங்க தெருவுல இறங்கற நேரம் வாங்க. தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு, ஊரு மொத்தமும் பார்க்க நடந்து வந்து தட்டுங்க. அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியாது, கேக்காதீங்க.

உங்க காப்பிக்குச் சர்க்கரை எத்தனை கரண்டின்னு மறந்துபோச்சு. வந்து சொல்லுங்க.

நோரால்பா